மாசு நீக்கும் அழுத்த வெந்நீர் – ஓர் அறிவியல் தமிழ் நோக்கு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழை அடிவாரத்தில் ஒன்றுக்கொன்று அணித்தே அமைந்த இரு நகரங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் வானுயர்ந்த கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வருகின்றன. இராஜபாளையம் என்றவுடன் பஞ்சும் நூலும் துணியும் நினைவுக்கு வருகின்றன. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய ஊர்களில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, மருத்துவமனைகளில் எத்தனையோ புண்களுக்குக் கட்டாகிறது. இத்துணியைத் தொட்டே நம் கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும்.

மாணவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு குவளை நீரில், விதை நீக்கிய பச்சைப் பஞ்சைச் சிறிதளவு இடுக. அது நனையாமல் மிதக்கும். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை அவ்வாறே இடுக. அது நீரை உறிஞ்சி விரைவில் மூழ்கும். பத்து வினாடிகளுக்குள் மூழ்குதல் வேண்டும் என்பது மருந்தியல் தர நூல்கள் விதிக்கும் அளவு. இரண்டும் ஒரே செடியின் பஞ்சுதான். ஒன்று மிதக்கவும் மற்றொன்று மூழ்கவும் காரணம் என்ன? பச்சைப் பஞ்சின் இழையைச் சுற்றி மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. மருத்துவப் பஞ்சில் அம்மெழுகு நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கியது அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீரும் அதனுள் கலந்த காரமும் ஆகும்.

வெந்நீரை அழுத்தத்தில் அடைத்தால், அது சாதாரண நீர் செய்ய இயலாத பணிகளைச் செய்கிறது. மண்ணில் படிந்த நச்சு எண்ணெயையும், நிலக்கரியில் பொதிந்த கந்தகத்தின் ஒரு பகுதியையும் அது வெளிக்கொணர வல்லது. அது எவ்வாறு நிகழ்கிறது, எந்த அளவிற்குப் பயன்படும், எங்கே நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சு தரும் முதற்பாடம்

பிளீச்சிங் பட்டறை என்று மக்கள் வழங்கும் வெளுப்புச் சாலைகளில் 'கியர்' எனப்படும் மூடிய இரும்புக் கலம் ஒன்று உண்டு. துணியை அதனுள் அடுக்கி, எரிகாரம் எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரை ஊற்றி, இறுக மூடி, நீராவியால் சூடேற்றுவர். திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. மூடிய கலத்தில் அது 120 அல்லது 130 டிகிரி வரை உயரும். பல மணி நேரம் இவ்வாறு வெந்த துணியிலிருந்து மெழுகும் பிற அழுக்குகளும் பிரிந்து நீரோடு வந்துவிடும். அதன் பின்னரே துணி வெளுக்கப்படுகிறது.

இதே உண்மையை நம் இல்லத்து அடுப்பங்கரையிலும் காண்கிறோம். பிரஷர் குக்கர் என நாம் அழைக்கும் அழுத்தச் சமைகலத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரியை எட்டுகிறது. உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு. திறந்த சட்டியில் நெடுநேரம் வேகும் பருப்பு அதனுள் விரைவில் குழைவதன் காரணம் இதுவே. பிரான்சு நாட்டவரான தெனி பப்பான் 1679ஆம் ஆண்டு இத்தகைய முதற்கலத்தை உருவாக்கினார். மருத்துவமனையில் கட்டுத்துணியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொல்லப் பயன்படும் ஆட்டோகிளேவும் 121 டிகிரியில் இயங்கும் இதே இனத்துக் கலம்தான்.

ஆகவே அழுத்த வெந்நீர் நமக்குப் புதியதன்று. அறிவியலார் புதிதாகச் செய்தது, அவ்வெப்பத்தை 120லிருந்து 250க்கும் 300க்கும் உயர்த்தியதும், காரத்தின் துணையின்றி நீரை மட்டுமே நம்பியதும் ஆகும்.

நீரின் குணம் மாறும் விதம்

எண்ணெயும் நீரும் கலவா என்பது சிறுபிள்ளையும் அறிந்த செய்தி. நீரின் மூலக்கூறில் ஒரு புறம் சிறிதளவு நேர் மின்னூட்டமும் மறுபுறம் சிறிதளவு எதிர் மின்னூட்டமும் உண்டு. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. உப்பைப் போன்ற மின்னூட்டமுடைய பொருளைத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் அவை, மின்னூட்டமற்ற எண்ணெயைச் சேர்ப்பதில்லை.

இந்தப் பற்றுதலின் வலிமையை அளக்க அறிவியலார் மின்காப்பு மாறிலி என்னும் எண்ணைப் பயன்படுத்துகின்றனர். 25 டிகிரியில் நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 78. வெப்பம் ஏற ஏற மூலக்கூறுகளின் ஆட்டம் மிகுந்து, அவற்றின் பிடி தளர்கிறது. 250 டிகிரியில் அம்மாறிலி ஏறத்தாழ 27 ஆகக் குறைகிறது. அறை வெப்பத்தில் மெத்தனாலின் மாறிலி 33, எத்தனாலின் மாறிலி 24. அஃதாவது, 250 டிகிரியில் நீர்ம நிலையிலேயே நிற்கும் நீர், கரைக்கும் ஆற்றலில் சாராய வகைகளை ஒத்துவிடுகிறது. தண்ணீரில் கரையாத பல பொருள்கள் அதில் கரையத் தொடங்குகின்றன. அறை வெப்பத்தில் மிக அரிதாகவே கரையும் சில கரிமச் சேர்மங்களின் கரைதிறன், இந்நிலையில் ஒரு இலட்சம் மடங்கு வரை பெருகுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீரை இந்நிலையில் ஆவியாக விடாமல் வைத்திருக்க அழுத்தம் வேண்டும். 180 டிகிரியில் அது ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தம். 200 டிகிரியில் 15. 250 டிகிரியில் 40. 300 டிகிரியில் 85. லாரிச் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 7 வளிமண்டலம் என்பதை எண்ணிப் பார்த்தால், 40 என்பது எத்தகைய அழுத்தம் என்பது விளங்கும். 374 டிகிரியிலும் 218 வளிமண்டல அழுத்தத்திலும் நீர்மம், ஆவி என்னும் வேறுபாடே மறைந்துவிடுகிறது. அதனை மாறுநிலைப் புள்ளி என்பர். 100 டிகிரிக்கு மேலும் 374 டிகிரிக்குக் கீழும் அழுத்தத்தால் நீர்மமாகவே நிறுத்தப்பட்ட நீரே நாம் இங்குப் பேசும் அழுத்த வெந்நீர்.

இன்னொரு மாற்றமும் உண்டு. நீர் தன்னளவிலேயே மிகச் சிறிதளவு அமில அயனிகளாகவும் கார அயனிகளாகவும் பிரிகிறது. 250 டிகிரியில் அப்பிரிவு அறை வெப்பத்தில் உள்ளதைப் போல் இருபது மடங்கிற்கும் மேல் மிகுகிறது. எனவே கியரில் காரம் செய்யும் பணியில் ஒரு கூற்றை, இந்நிலையில் நீர் தானே செய்ய முற்படுகிறது.

மண்ணிலிருந்து மாசைப் பிரித்தல்

அமெரிக்க நாட்டின் வட டகோடாப் பல்கலைக்கழகத்தில் எரியாற்றல், சுற்றுச்சூழல் ஆய்வு மையம் ஒன்று உள்ளது. அங்குப் பணியாற்றிய ஸ்டீவன் ஹாத்தார்ன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1994ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாசுற்ற மண்ணின் வழியே அழுத்த வெந்நீரைச் செலுத்தினால், அதிலுள்ள கரிம நச்சுகள் நீரோடு வெளிவருகின்றன என்பதை அவர்கள் காட்டினர். வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தியபோது, முதலில் பீனால் போன்ற ஓரளவு நீரோடு உறவுடைய சேர்மங்கள் வந்தன. 250 டிகிரியை ஒட்டிப் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் வந்தன. மெழுகையொத்த நீண்ட தொடர்களுடைய சேர்மங்களே எளிதில் அசையாதவை.

இவ்வரிசை நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. தார், புகைக்கரி, எஞ்சினில் ஓடித் தேய்ந்த எண்ணெய் முதலியவற்றில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. அவற்றுள் பென்சோபைரீன் போன்றவை புற்றுநோய் தோற்றுவிப்பவை. மெழுகு மண்ணில் தங்கினால் அழுக்கு. பென்சோபைரீன் தங்கினால் நஞ்சு. நஞ்சை முன்னரே பிரித்தெடுக்க வல்லது என்பதே அழுத்த வெந்நீரின் சிறப்பு.

முறை இதுவாகும். மாசுற்ற மண்ணைத் தடித்த உருக்குக் கலத்தில் இடுவர். கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்கிய நீரை விசைக்குழாய் மூலம் அழுத்தி, சூடேற்றி, மண்ணின் ஊடே செலுத்துவர். நீர் மாசைக் கரைத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறும். வெளியேறும் நீரைக் குளிர்வித்தால், அதன் பழைய குணம் திரும்புகிறது. எண்ணெயை அது மீண்டும் வெறுக்கிறது. கரைந்திருந்த நச்சு பிரிந்து படிகிறது அல்லது மிதக்கிறது. சூடான பாகில் மிகுதியாகக் கரைந்த சர்க்கரை, ஆறும்போது நூலைச் சுற்றிக் கற்கண்டாகத் திரள்வதை நாம் அறிவோம். அதனை ஒத்ததே இதுவும். எஞ்சிய சிறு அளவு நச்சைக் கிளர்வூட்டிய கரி பற்றிக்கொள்ளும். நீரை மீண்டும் பயன்படுத்தலாம்.

இம்முறையின் அருமை இங்கேதான் உள்ளது. எண்ணெய் மாசைக் கரைக்க வழக்கமாகப் பென்சீன் குடும்பத்தையும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களையும் ஆய்வுக்கூடங்கள் நாடி வந்தன. அவை தாமே நச்சுகள். ஒரு நஞ்சை நீக்க மற்றொரு நஞ்சை நாடுவது போன்றது அது. அழுத்த வெந்நீரிலோ நீரைத் தவிர வேறொன்றும் சேர்க்கப்படுவதில்லை. 2000ஆம் ஆண்டு அதே மையத்தார், சில கிராம் மண்ணோடு நில்லாமல், கிலோ கணக்கில் மண்ணைக் கொள்ளும் முன்மாதிரிக் கலம் ஒன்றை அமைத்தனர். நிலக்கரி வாயுத் தொழிற்சாலை இருந்த இடத்து மண்ணையும் பூச்சிக்கொல்லியால் கெட்ட மண்ணையும் அதில் தூய்மை செய்த செய்தியை வெளியிட்டனர்.

எரிபொருளைக் கழுவுதல்

மண்ணுக்குப் பொருந்திய முறையை நிலக்கரிக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்பே. வட டகோடா பழுப்பு நிலக்கரி மிகுந்த நிலம். மேற்சொன்ன ஆய்வு மையமும் 1951ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிக்கான ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதே ஆகும். எரித்த பின் புகைபோக்கியில் மாசைப் பிடிப்பதைவிட, எரிக்கும் முன்னரே நிலக்கரியைக் கழுவிவிட்டால் என்ன என்னும் வினாவை அவர்கள் எழுப்பினர். கரிமச் சேர்மங்களோடு பிணைந்த கந்தகத்தின் ஒரு பகுதியும், பாதரசம் முதலிய ஆவியாகும் நச்சுத் தனிமங்களின் ஒரு பகுதியும் அழுத்த வெந்நீரால் வெளியேறுவதை அவர்தம் சோதனைகள் காட்டின.

நிலக்கரியில் கந்தகம் இரு வகையாகத் தங்கியுள்ளது. இரும்போடு சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாக இருப்பது ஒரு வகை. நிலக்கரியின் கரிமக் கட்டமைப்போடு ஒன்றிக் கிடப்பது மற்றொரு வகை. பைரைட்டை அரைத்து, எடை வேறுபாட்டால் ஓரளவு பிரித்துவிடலாம். கட்டமைப்போடு ஒன்றிய கந்தகத்தை அரைத்தலும் சலித்தலும் தொடமாட்டா. அழுத்த வெந்நீர் அதில் ஒரு பகுதியையேனும் அசைப்பதால்தான் அறிவியலார் அதன்பால் நாட்டம் கொண்டனர்.

நம் நாட்டின் நிலை யாது? இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி கந்தகம் குறைந்தது, ஆனால் சாம்பல் மிகுந்தது. அச்சாம்பலை அழுத்த வெந்நீர் நீக்காது. அசாம், மேகாலயப் பகுதிகளின் நிலக்கரி இதற்கு மாறானது. அதில் கந்தகம் மிகுதி. அக்கந்தகத்தில் பெரும்பங்கு கரிமக் கட்டமைப்போடு ஒன்றியதே. எனவே இம்முறைக்கு இந்நாட்டில் பொருந்தும் நிலக்கரி வடகிழக்கில் உள்ளது எனலாம்.

தமிழகத்தின் நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. அங்குக் கிடைக்கும் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதனை எரிக்கும்போது வெப்பத்தின் ஒரு கூறு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வீணாகிறது. இக்குறையைத் தீர்க்க 1920களிலேயே ஆஸ்திரிய நாட்டில் பிளைஸ்னர் என்பார் ஒரு முறையைக் கண்டார். அழுத்த நீராவியில் பழுப்பு நிலக்கரியைச் சூடாக்கினால், அதன் நுண்துளைகள் சுருங்கி, ஈரம் ஆவியாகாமல் நீராகவே பிழிந்து வெளிவரும். அவ்வாறு வெளிவரும் நீர் சோடியம் போன்ற உப்புகளையும் உடன் கொணரும். அழுத்த வெந்நீரின் ஆற்றல் மாசை நீக்குவதோடு ஈரத்தையும் நீக்குவதில் உள்ளது என்பதற்கு இது சான்று.

மாறுநிலைக்கு அப்பால்

374 டிகிரிக்கு மேல் நீர் மேலும் வியப்பூட்டுவதாகிறது. எண்ணெயும் ஆக்சிஜனும் அதில் தடையின்றிக் கலக்கின்றன. அங்கே கரிம நச்சுகளைச் சுடரின்றியே எரித்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடலாம். மின்மாற்றி எண்ணெயில் முன்னர்ப் பயன்பட்ட பி.சி.பி. என்னும் குளோரின் சேர்மங்கள் எளிதில் அழியாதவை. அவற்றை மாறுநிலையை ஒட்டிய வெந்நீரில் ஆக்சிஜனூட்டிச் சிதைக்கும் ஆலை ஒன்று 2005ஆம் ஆண்டு ஜப்பானின் டோக்கியோ நகரில் செயற்படத் தொடங்கியது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு ஆணையொன்று பி.சி.பி. உற்பத்தியையும் இறக்குமதியையும் தடுத்து, 2025 டிசம்பர் 31க்குள் அவற்றின் பயன்பாட்டை முற்றிலும் முடிவுக்குக் கொணர விதித்தது.

எனினும் இந்நிலையில் உப்புகள் கரையாமல் படிந்து குழாய்களை அடைக்கின்றன. குளோரின் சேர்மங்கள் சிதையும்போது தோன்றும் அமிலம் உருக்கையும் அரிக்கிறது. எனவே மிகக் கொடிய நச்சுகளுக்கு மட்டுமே இம்முறை பொருந்தும்.

எல்லைகளை அறிதல்

எம்முறையையும் புகழ்வதோடு நிறுத்திவிடுதல் ஆய்வாகாது. அழுத்த வெந்நீரின் எல்லைகள் நான்கினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, எரியாற்றல். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு நீர்மமாகவே சூடேற்ற ஏறத்தாழ 960 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரைத் திறந்த பாத்திரத்தில் முற்றிலும் ஆவியாக்க ஏறத்தாழ 2,550 கிலோஜூல் வேண்டும். ஆவியாக்காமல் அழுத்தத்தில் வைப்பதால் பெரும் சிக்கனம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஒரு டன் மண்ணுக்கு மூன்று டன் நீர் எனக் கணக்கிட்டால், மண்ணின் வெப்பத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 200 கிலோ உலர்ந்த விறகின் வெப்பம் செலவாகும். கொதிகலனின் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். வெளியேறும் வெந்நீரின் சூட்டை உள்ளே வரும் நீருக்கு மாற்றிக் கொடுத்தால் இதில் ஒரு பெரும்பகுதியை மீட்கலாம். மீட்காமல் செய்தால், மண்ணைக் காக்க மலையின் மரத்தை அழித்தவர் ஆவோம்.

இரண்டாவது, பாதுகாப்பு. 40 வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் 250 டிகிரி நீர், கலம் உடைந்த கணமே ஆவியாகச் சீறிப் பாயும். கொதிகலன்களுக்கென நம் நாட்டில் 1923ஆம் ஆண்டே தனிச் சட்டம் இயற்றப்பட்டதும், 2025ஆம் ஆண்டு அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்ததும் இந்த அச்சத்தால்தான். ஆர்வமுள்ள மாணவர் எவரும் இதனை வீட்டுக் கலத்தில் செய்து பார்க்கத் துணியலாகாது.

மூன்றாவது, மண்ணின் தன்மை. மணற்பாங்கான மண்ணில் நீர் எளிதில் ஊடுருவும். நம் மாவட்டத்தின் கரிசல் மண்ணோ களி மிகுந்தது. நனைந்தால் உப்பி, நீரின் வழியை அடைத்துக்கொள்ளும். நுண்ணிய களித்துகள்கள் கரிம நச்சை இறுகப் பற்றியும் வைத்திருக்கும். எனவே மணலுக்கு வகுத்த கணக்கு கரிசலுக்குச் செல்லாது. அன்றியும் 250 டிகிரியில் வெந்த மண்ணில் மண்புழுவும் இராது, நுண்ணுயிரும் இராது. மட்கும் குறைந்துவிடும். நஞ்சு நீங்கிய மண் உயிருள்ள மண் ஆகிவிடாது. எருவிட்டு, நுண்ணுயிர் சேர்த்து, மண்புழு வாழ்கிறதா, விதை முளைக்கிறதா எனப் பார்த்த பின்னரே அது நிலம் எனப்படும்.

நான்காவது, உலோகங்கள். பாதரசம், ஈயம், குரோமியம் போன்றவை கரிமச் சேர்மங்கள் அல்ல. வெந்நீர் அவற்றைச் சிதைக்காது. மண்ணோடு பிணைந்த அவற்றை முழுதும் கழற்றவும் மாட்டாது. கொடைக்கானல் மலையில் இயங்கி 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் வளாக மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. அதற்கு வகுக்கப்பட்ட வழி, மண்ணைக் கழுவித் துகள் வாரியாகப் பிரிப்பதும், மாசு மிகுந்த பகுதியை வெற்றிடத்தில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக மீட்பதும் ஆகும். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை எஞ்சலாம் என்னும் அளவு போதுமா என்பது பற்றி எழுந்த வழக்குரை நெடுங்காலம் நீடித்தது. ஒரு தொழிற்சாலை இருபது ஆண்டுகளுக்கும் குறைவாக இயங்கியது. அது விட்டுச்சென்ற மாசைப் பற்றிய பேச்சோ, அது இயங்கிய காலத்தைவிட நீண்டது. மண்ணைக் கெடுப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மாசு எங்கே போயிற்று?

இவ்விடத்தில் நாம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். அழுத்த வெந்நீர் மாசை நீக்குகிறது என்கிறோம். நீங்கிய மாசு எங்கே போயிற்று?

மாறுநிலைக்குக் கீழே, வெந்நீர் பெரும்பாலும் மாசை அழிப்பதில்லை. அதனை மண்ணிலிருந்து எடுத்து நீரில் வைக்கிறது. நீரிலிருந்து கரி எடுத்துக்கொள்கிறது. அக்கரியை உரிய உலையில் எரித்தாலன்றி நஞ்சு உலகில்தான் இருக்கிறது. இடம் மாறியது, அவ்வளவே. ஆகவே இம்முறையில் பணியின் முதற்பாதி மண்ணைக் கழுவுதல். மறுபாதி கழுவிய நீருக்குப் பொறுப்பேற்றல். மறுபாதியைச் செய்யாதவன் முதற்பாதியைச் செய்ததாகக் கூற இயலாது.

இவ்வுண்மையை நாம் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் தேட வேண்டியதில்லை. வெளுப்புச் சாலையின் கியரில் மெழுகைக் கழுவிய காரநீர், கறுத்துக் கொழகொழத்து வெளியேறுகிறது. அதனைச் சமன்செய்து, வடித்து, மீண்டும் பயன்படுத்தினால் அது தொழில். அப்படியே ஓடையில் விட்டால், புண்ணுக்குக் கட்டும் துணியைத் தூய்மையாக்கிய நீர் ஊரின் கண்மாய்க்குப் புண்ணாகிவிடும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும் கண்மாய்களையும் நம்பி வாழும் இவ்வட்டாரத்தில், வைப்பாற்றுப் படுகையின் கடைமடை வரை அப்புண் பரவும்.

நம் வட்டாரம் செய்யத்தக்கன

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் பழுதுபார்க்கும் பட்டறைகளும் லாரி நிறுத்தங்களும் மில்களும் பல உள்ளன. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை மண்ணில் ஊற்றுவது தமிழகமெங்கும் காணப்படும் பழக்கம். புழுதி அடங்கும் என்றும், கரையான் வராது என்றும் கூறி ஊற்றுவோரும் உளர். முன்னர்க் கண்ட பென்சோபைரீன் அந்தக் கறுப்பு எண்ணெயில்தான் உள்ளது. 2016ஆம் ஆண்டின் தீங்கு தரும் கழிவுகள் பற்றிய விதிகள், பயன்படுத்திய எண்ணெயை ஒப்புதல் பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்து அவ்வாறு ஒப்படைக்கும் பட்டறைக்காரர், எந்த அழுத்தக் கலமும் செய்ய இயலாத பணியைச் செய்தவர் ஆகிறார். மண்ணில் விழாத எண்ணெயை யாரும் மண்ணிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

விழுந்துவிட்ட எண்ணெய்க்கும் படிமுறை உண்டு. மேலோட்டமான எண்ணெய் மாசுக்கு நுண்ணுயிர்களே போதும். 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் வாளிகளால் அள்ளிய எண்ணெய்ச் சேற்றை எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கும் முறையே கையாளப்பட்டது. அது மெதுவான வழி, ஆனால் விறகும் அழுத்தமும் வேண்டாத வழி. தார்க்கழிவு, பழைய பூச்சிக்கொல்லிக் கிடங்கின் மண், மின்மாற்றி எண்ணெய் ஊறிய மண் ஆகியன நுண்ணுயிர்கள் எளிதில் வெல்ல இயலாதவை. அத்தகைய சிறிதளவு மண்ணுக்கே அழுத்த வெந்நீர் உரியது. வீட்டில் எல்லா நோய்க்கும் அறுவை மருத்துவம் செய்வதில்லை அன்றோ? அதைப் போன்றதே இதுவும்.

கொதிகலனை அறிந்த பணியாளர்களும், அழுத்தக் கலங்களைப் பழகிய பட்டறைகளும், வேதியியல் கற்ற இளைஞர்களும் இவ்வட்டாரத்தில் உள்ளனர். கரிசல் மண்ணில் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எத்தனை மாதத்தில் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன, எந்தப் பகுதி எஞ்சுகிறது என்பவற்றை நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலேயே அளக்கலாம். பெரிய கருவிகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு

தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதால் சொற்களைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் கடன். 'கொதிகலன்' என்னும் சொல் கொதிக்கும் கலன் எனத் தன் பொருளைத் தானே உரைக்கிறது. அதனால்தான் அது நிலைத்தது. நாம் ஈண்டுக் கையாண்ட 'அழுத்த வெந்நீர்' என்பதும் அவ்வாறே எளிதில் விளங்கும். 'மாறுநிலை' என்பது பாடநூல் வழக்கில் ஏற்கெனவே உள்ளது. 'கியர்' என்பதோ பட்டறைப் பணியாளரின் நாவில் ஊறிய சொல். அதனை நீக்கி நாம் ஒரு புதுச்சொல்லைப் புனைந்தால், சொல் நமக்கிருக்கும், அவருக்கு விளங்காது. தொழில் செய்வோர் வழங்கும் சொல்லைத் தொகுப்பதும், இல்லாத இடத்தில் பொருள் விளங்கும் சொல்லைப் படைப்பதும் தமிழ் மாணவரின் பணி. வெளுப்புச் சாலையிலும் நூற்பாலையிலும் வழங்கும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் தொகுக்க முற்படும் மாணவர், அறிவியல் தமிழுக்கு நல்ல தொண்டு செய்தவர் ஆவார்.

முடிவுரை

நீரின் குணம் நிலையானதன்று. வெப்பமும் அழுத்தமும் கூடினால் எண்ணெயை வெறுத்த நீரே எண்ணெயைக் கரைக்கிறது. பஞ்சின் மெழுகை நீக்கும் அதே நெறி, மண்ணின் நஞ்சையும் நிலக்கரியின் கந்தகத்தில் ஒரு பகுதியையும் நீக்க வல்லது. ஆயின் எரியாற்றல், பாதுகாப்பு, மண்ணின் உயிர், உலோகம் என்னும் எல்லைகள் அதற்கு உண்டு. யாவற்றினும் மேலாக, நீக்கிய மாசை என் செய்தோம் என்னும் வினாவுக்கு விடை கூறாத எந்தத் தூய்மையும் தூய்மை ஆகாது.

ஆலைகளையும் பட்டறைகளையும் நடத்தும் பெரியோர்கள் கழிவெண்ணெயையும் கழிவுநீரையும் மண்ணில் விழாமல் காப்பார்களாக. அவற்றை அளந்தறியும் கல்வியை மாணவர்கள் பெறுவார்களாக. பத்து வினாடியில் நீரில் மூழ்கும் ஒரு சிட்டிகைப் பஞ்சைக் காணும்போதெல்லாம், அதிலிருந்து கழன்ற மெழுகு எந்த ஓடையில் சேர்ந்தது என வினவும் பழக்கம் நம்மிடையே வளர்வதாகுக.